பத்து மாத்திரை மட்டும் குடுங்க

எங்கள் கடையில் மாதத்தின் முதல் வாரம் மாத்திரை முழு அட்டையாக விற்கும். இருபதாம் தேதி தாண்டினால் கத்தரிக்கோலுக்கு வேலை வந்துவிடும். "பத்து மாத்திரை மட்டும் குடுங்க", "அஞ்சு நாளைக்குப் போதும்மா." தக்காளி விலை விழுந்த வாரமாக இருந்தால், "ரெண்டு நாளைக்குக் குடு பாப்பா, சந்தைக்குப் போயிட்டு வந்து மிச்சத்தை வாங்கிக்கிறேன்." பாலக்கோடு சந்தையில் தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்று நான் பேப்பரில் பார்ப்பதே இல்லை. சுகர் மாத்திரையை எத்தனை எத்தனையாகக் கேட்கிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும்.

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். படித்தது டி.பார்ம்., மருந்தாளுநர் டிப்ளமோ. பக்கத்தில் டீக்கடை, எதிரே உரக்கடை. பெரிய ஆஸ்பத்திரி எதுவும் அருகில் இல்லாததால் காய்ச்சல், சளி கூட்டம் ஓரளவுதான். என் கடையை ஓட்டுவது சுகரும் பிரஷரும். அதற்கடுத்து தைராய்டு, ஆஸ்துமா, வலிப்பு.

மாத்திரை அட்டையை வெட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. காலாவதித் தேதியும் பேட்ச் நம்பரும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தைக் கடையில் நிறுத்திக்கொண்டு மறுமுனையிலிருந்து வெட்ட வேண்டும். கடைக்காரருக்கு இது சரி. வாங்கிப்போகிறவர் கையில் கிடைப்பதோ பாதிப் பெயர் மட்டும் தெரிகிற ஒரு துண்டு. வீட்டில் கணவனுக்கு சுகர், மனைவிக்கு பிரஷர், மாமியாருக்கு இரண்டும். எல்லாத் துண்டும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அதனால் துண்டு துண்டாகக் கொடுக்கும்போது ஒவ்வொன்றையும் தனிக் காகிதக் கவரில் போட்டு, யாருக்கு, எதற்கு, எப்போது, எந்த மாதம் வரை என்று பேனாவில் எழுதிவிடுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும். சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் வட்டம், பின் என்றால் வட்டத்துக்குள் சோறு மாதிரி நாலு புள்ளி. என் ஓவியத் திறமையைப் பார்த்து என் பையன் சிரிப்பான். பரவாயில்லை, பாட்டிகளுக்குப் புரிகிறது.

சுகர் வந்துவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருப்பார். சொன்னது ஒரு நாள். அந்த ஆயுசுக்கான மாத்திரையைப் பத்துப் பத்தாக எண்ணிக் கொடுப்பது நாங்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய பெரிய ஆய்வு 2023இல் சொன்னது. இவர்களில் கையில் காசு குறைந்தவர்கள் மாதாமாதம் தவறாமல் பார்க்கிற ஒரே ஆள் பெரும்பாலும் மெடிக்கல்காரராகத்தான் இருக்கும். டாக்டரிடம் போனால் பஸ் செலவு, ஃபீஸ், டெஸ்ட் செலவு, ஒரு நாள் கூலி போய்விடும். எங்களிடம் வருவதற்கு டீ குடிக்கக் கிளம்பினால் போதும். மாத்திரை நின்றுபோவதும் தொடர்வதும் இந்தக் கவுன்டரில்தான் முடிவாகிறது என்பது என் அனுபவம். இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

போன தை மாதம் ஒரு பெரியவர் வந்தார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வேட்டியைச் சற்றுத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். இரண்டு பக்கமும் வீக்கம்.

"கால் வீங்குது பாப்பா. நீர் பிரியறதுக்கு ஒரு மாத்திரை இருக்காமே, அதுல ஒரு அட்டை குடு."

"வேற என்னென்ன மாத்திரை போடறீங்க பெரியப்பா?"

"அதே பிரஷர் மாத்திரைதான். வேற என்ன?"

"வீட்ல இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. வெறும் அட்டையா இருந்தாலும் சரி."

முணுமுணுத்துக்கொண்டே போனவர் மஞ்சப்பையோடு திரும்பினார். கவுன்டரில் கொட்டிப் பார்த்தால் இரண்டு வகை அட்டை. ஒன்று, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த அரசு சப்ளை. அம்லோடிபின் 5 மில்லிகிராம். இன்னொன்று தர்மபுரியில் ஒரு தனியார் டாக்டர் எழுதியது, பாதி வெள்ளை பாதி வேறு நிறம். அது டெல்மிசார்ட்டான் 40, கூடவே அம்லோடிபின் 5. ஆக அம்லோடிபின் மட்டும் ஒரு நாளைக்குப் பத்து மில்லிகிராம். அந்த மருந்து கணுக்காலை வீங்க வைக்கும், அளவு கூடக் கூட இன்னும் வீங்க வைக்கும். நாங்கள் படிக்கும்போதே மனப்பாடம் செய்கிற விஷயம் இது.

ஏன் இரண்டையும் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "அது கவர்மெண்டு மாத்திரை, பவர் கம்மியா இருக்கும். அதான் டாக்டர் மாத்திரையும் சேர்த்துப் போட்டேன்" என்றார். மிகத் தெளிவாக யோசித்துத்தான் செய்திருக்கிறார். டாக்டரிடம் அரசு மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை, திட்டுவாரோ என்ற பயம். அரசு மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவரும் பெண்ணிடம் டாக்டரைப் பற்றிச் சொல்லவில்லை, சொன்னால் இலவச மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். இரண்டு பக்கத்து அட்டையும் ஒன்றாக வந்து விழுந்தது என் கவுன்டரில்.

நீர் மாத்திரை கொடுக்கவில்லை. இரண்டு அட்டையின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, கடையில் பார்த்த பிரஷர் அளவையும் குறித்து, டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். டாக்டர் ஒன்றை நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் வந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. அன்றைக்கு அவரிடம் நான் விற்றது எதுவும் இல்லை. இது ஒரு முக்கியமான விஷயம், பின்னால் வருகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில்தான் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். என் வியாபாரத்தில் கொஞ்சம் அடி விழுந்தது உண்மைதான். ஆனாலும் நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன். இருபதாம் தேதிக்கு மேல் மாத்திரையை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் அதனால் குறைந்திருக்கிறார்கள், கண்ணால் பார்க்கிறேன். குறை ஒன்றுதான். அவர்கள் பதிவேடு ஒரு பக்கம், டாக்டர் சீட்டு ஒரு பக்கம், என் நோட்டு ஒரு பக்கம். மூன்றும் சந்தித்துக்கொள்வதில்லை.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சங்கதி தண்ணீர். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை இருப்பவரைப் பார்த்தால் எங்கள் பக்கத்துக்காரர் என்று சொல்லிவிடலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், 2013இல். ஆனால் சின்ன வயதில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு எலும்பில் ஏறியது ஏறியதுதான். ஐம்பது தாண்டியதும் முட்டி, இடுப்பு, முதுகு என்று விறைத்துப்போகும். களையெடுக்கப் போக வேண்டும், மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும். எனவே தினம் ஒரு வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக். பெயர் தெரியாது, "அந்தச் சின்ன மாத்திரை, போட்டா ஓடலாம்" என்பார்கள்.

பிரஷர் மாத்திரை வாங்கும் அதே கைதான் இதையும் வாங்கும். வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். ஏற்கெனவே சுகரால் அடிவாங்கிக்கொண்டிருக்கிற கிட்னிக்கு இது இன்னொரு அடி. "மாத்திரை போட்டும் பிரஷர் குறையலை, டாக்டர் பவரை ஏத்திட்டார்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது வலி மாத்திரையைப் பற்றி. டாக்டரிடம் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார்கள். அவர்கள் கணக்கில் அது மருந்தே கிடையாது, வெற்றிலை பாக்கு மாதிரி.

இங்கேதான் கஷ்டம். நான் கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் பெட்டிக்கடைக்குப் போவார்கள். பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்பேன், தடவ மருந்து கொடுப்பேன், வெந்நீர் ஒத்தடம் சொல்வேன். சிலர் கேட்பார்கள். சிலர், "நீயும் டாக்டர் மாதிரி பேசாதே, உன் முட்டியா வலிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வறட்டு இருமல் இன்னொன்று. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ராத்திரியெல்லாம் தொண்டையில் நமநமவென்று இருக்கும். அவர்கள் பாட்டில் பாட்டிலாக இருமல் சிரப் வாங்குவார்கள். சிரப் விற்கிறவருக்கு நல்ல வாடிக்கையாளர்தான். சீட்டைப் பார்த்து, "இந்த மாத்திரை ஆரம்பிச்சப்புறம்தானே இருமல் வந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக்கொடுப்பார்.

இன்சுலின் கதை கொஞ்சம் பயமானது. நம் ஊரில் சாதாரணக் குப்பியில் வருகிற இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றேதான். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களில் யாராவது ஒருவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். ஒரு அக்காவுக்கு அவர் மகன் ஊருக்கு வரும்போது சிரிஞ்சு ஒரு பாக்கெட் வாங்கி வந்திருக்கிறான், ஆரஞ்சு மூடி. குப்பி 40. டாக்டர் 20 யூனிட் சொன்னார், அக்கா 20 என்ற கோடு வரை சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தச் சிரிஞ்சில் 20 கோடு என்றால் ஐந்தில் ஒரு பங்கு மில்லி, 40 யூனிட் குப்பியிலிருந்து அப்படி உள்ளே போனது 8 யூனிட்தான். சுகர் ஏறியது. டாக்டர் 30 ஆக்கினார். பிறகும் ஏறியது. 36 ஆக்கினார்.

குப்பி வாங்க வந்தவரிடம், "சிரிஞ்சு வேண்டாமாக்கா?" என்றேன். "வீட்ல நிறைய இருக்கு." பையில் வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். சட்டென்று சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று ராத்திரி முழு 36 யூனிட் உள்ளே போயிருக்கும், அதுவரை 14 சொச்சம் போய்க்கொண்டிருந்த உடம்புக்குள். தப்பைத் திருத்துகிற வேகத்தில் ஆளைச் சாய்த்திருப்போம். டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லி, அவர் புது அளவு சொன்ன பிறகுதான் சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்தேன். அந்த ஆரஞ்சு பாக்கெட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு மண்பானை சொல்லிக் கொடுக்கிறேன். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, சின்னப் பானைக்குள் டப்பாவில் இன்சுலின், மேலே ஈரத்துணி. ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டுக்காரர்கள்தான் உண்மையில் அதிகம் கெடுக்கிறார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். உறைந்த இன்சுலின் தூக்கிப்போடத்தான் ஆகும்.

புரட்டாசி வந்தால் தனிக் கவலை. சனிக்கிழமை ஒருபொழுது இருப்பார்கள், சோற்றை விடுவார்கள், மாத்திரையை விட மாட்டார்கள். கிளிமிபிரைட் என்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் கோயில் வரிசையில் நின்றால் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, மயங்கி விழுவார்கள். சாமி வந்துவிட்டது என்று வேப்பிலை அடித்த கதையும் உண்டு. புரட்டாசி பிறக்கும் முன்பே கவரில் எழுதிவிடுகிறேன்: சனிக்கிழமை மாத்திரை டாக்டரைக் கேட்டு.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். அரசு விலை நிர்ணயித்திருக்கிற மருந்துகளில் சில்லறைக் கடைக்காரருக்கு வைத்திருக்கும் லாபம் 16 சதவீதம். பிரஷர் மாத்திரை அட்டை 30 ரூபாய் என்றால் எனக்கு நாலு ரூபாய் சொச்சம். அதில்தான் வாடகை, கரண்ட், ஃபிரிட்ஜ், காலாவதியாகித் திரும்பாத சரக்கு. பெரியவரின் மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்த அரைமணி நேரத்துக்கு ஒரு பைசாவும் கிடையாது. நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது எங்கள் கடமை என்று 2015இல் வந்த பார்மசி விதிகளில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விற்றால்தான் வரும்படி, விற்காமல் காப்பாற்றினால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாட்டில் எத்தனை பேர் பேசுவார்கள்? ஊரில் எந்த மெடிக்கலுக்குப் போனாலும் முன்வரிசையில் புரோட்டீன் பவுடரும் டானிக்கும் ஏன் நிற்கின்றன என்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் தரப்பின் அழுக்கையும் மறைக்க விரும்பவில்லை. சில கடைகளில் சுவரில் சான்றிதழ் தொங்கும், சான்றிதழுக்குரிய ஆள் கடைப்பக்கமே வந்திருக்க மாட்டார், மாத வாடகை மட்டும் அவருக்குப் போகும். பதினெட்டு வயதுப் பையன் அட்டையின் நிறத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பான். ஐந்து வருடப் பழைய சீட்டுக்குக் கேள்வியே இல்லாமல் மாத்திரை போகும். பழைய சீட்டோடு என்னிடம் வருகிறவர்களும் உண்டு. சீட்டு பழசு என்று திருப்பி அனுப்பினால் மாத்திரையே நின்றுவிடும், பக்கவாதத்தில்தான் அடுத்து பார்ப்போம். அதனால் சில நாளைக்குக் கொடுத்து, கவரில் தேதி எழுதி, அதற்குள் ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது (பி.எச்.சி.) காட்டிவிட்டு வாருங்கள் என்பேன். சட்டப்படி இது சரியா என்று கேட்டால் இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விலை குறைந்த மருந்து இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுவேன். ஜன் ஔஷதி என்ற மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 1000 கடைகளோடு வந்த முதல்வர் மருந்தகம். டாக்டர் ஒரு பிராண்டை எழுதிவிட்டால் அதே மருந்தை வேறு பிராண்டில் நானாக மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால், "அடுத்த தடவை போறப்ப டாக்டரையே கேளுங்க, விலை குறைஞ்சதா எழுதச் சொல்லி" என்று சொல்லி அனுப்புகிறேன். எம்பாக்ளிஃபுளோசின் என்று ஒரு சுகர் மாத்திரை, ஒன்று கிட்டத்தட்ட 60 ரூபாய்க்கு விற்றது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தார், மாதம் 15 மாத்திரைதான் வாங்குவார். 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்தது. சில வாரத்திலேயே பல கம்பெனிகள் அதே மருந்தைப் பத்து ரூபாய் அளவில் இறக்கிவிட்டன. டாக்டர் புதுப் பெயரில் எழுதிக்கொடுத்தார், வாத்தியார் இப்போது தினமும் போடுகிறார்.

வேறு ஏழை நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று அவ்வப்போது தேடிப் படிப்பேன். தான்சானியாவில் 2003 வாக்கில் தொடங்கி, கிராமத்து மருந்துக்கடைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தரம் பார்த்து, உரிமம் கொடுத்து ஒரு முறைக்குள் கொண்டுவந்தார்கள். கானாவில் லோயர் மான்யா க்ரோபோ என்ற பகுதியில் மருந்து விற்கும் சின்னக் கடைகளிலேயே பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அங்கே கடைக்காரரை மருத்துவ ஏற்பாட்டின் ஒரு கையாகப் பார்த்திருக்கிறார்கள். இங்கே டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் பில் புத்தகம், ஃபிரிட்ஜ் டிகிரி, குறிப்பிட்ட சில மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று எழுதும் ஷெட்யூல் எச்1 ரிஜிஸ்டர் எல்லாம் பார்ப்பார், பார்க்கட்டும். யார் யாருக்கு எந்தத் தேதியில் மாத்திரை தீரும், போன மாதம் யார் வரவில்லை, பிரஷர் எவ்வளவு என்று நான் எழுதி வைத்திருக்கும் நீல நோட்டை இதுவரை யாரும் கேட்டதில்லை. அதை பி.எச்.சி. நர்ஸோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து ஒப்பிட்டால் போதும், மாத்திரையை நிறுத்தியவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர்கூட வேண்டாம்.

இதைப் படிக்கிற டாக்டர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். சீட்டில் மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் அது எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்: சுகர், பிரஷர், கொழுப்பு. தமிழில் எழுதினால் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் படித்துச் சொல்லும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற கேப்ஸ்யூல் எழுதும்போது, விழுங்கக் கூடாது என்று எழுதுங்கள், நிஜமாகவே தண்ணீர் ஊற்றி விழுங்குகிறார்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதினால் வாரம் ஒருமுறை என்று மட்டும் போடாமல் எந்தக் கிழமை என்றும் போட்டுவிடுங்கள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்தான மாத்திரை அது. இப்போதைக்கு அந்தச் சீட்டு வந்தால் நானே கவரில் ஞாயிறு மட்டும் என்று சிவப்பு மையில் எழுதி, ஒரு மாதத்துக்கு என்றால் நாலு வாரத்துக்கு உரியதை மட்டும் எண்ணிக் கொடுக்கிறேன்.